கரும்பில் பிறந்ததற்கு விஸ்கி என்று பெயர் எதற்கு?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அரசுக் கடையில் விஸ்கி என்று எழுதி விற்கிற பாட்டில்களில் பலவற்றை, அதே பெயரோடு பாரீஸில் ஒரு கடை அலமாரியில் வைக்க முடியாது. வைத்தால் சட்ட விரோதம். சரக்கு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். பெயர் பொய். அந்தப் பொய்யைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதப்போகிறேன்.

விஷயத்தைச் சொன்னதுமே பென்ஷனர் சங்கத்து நண்பர் ஒருவர், “எழுபத்து மூணு வயசுல உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு சார்? கோயில், குளம்னு எழுதுங்களேன்” என்றார். கோயில் குளம் பற்றி எழுத ஊரில் ஆள் நிறைய இருக்கிறார்கள். பாட்டில் மேல் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படித்துவிட்டு எழுதத்தான் ஆள் இல்லை. முப்பத்தைந்து வருஷம் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் காகிதத்தைப் படிப்பது ஒன்றுதான் கைவந்த தொழில். இது யாரையும் குடிக்கச் சொல்லும் கட்டுரை இல்லை. குடிக்காதவர்கள் குடிக்காமலே இருங்கள், புண்ணியம். காசு கொடுத்து ஒரு பொருளை வாங்குகிறவனுக்குத் தான் என்ன வாங்குகிறோம் என்று தெரிய வேண்டும். என் வழக்கு அவ்வளவுதான்.

விஸ்கி என்றால் என்ன என்று முதலில் பார்த்துவிடலாம்.

என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுகிற பையன் ஒருவன் பிரான்ஸில் இருக்கிறான். புதுவையில் எத்தனையோ குடும்பங்களுக்கு அங்கே ஒரு கிளை உண்டு. பொங்கலுக்கு வந்தவன் மூன்று பாட்டில் கொண்டுவந்திருந்தான். புதுவையில் அவன் வீட்டு மாடியில்தான் ருசி பார்த்தோம். கோட்டக்குப்பம் தாண்டி ஒரு சொட்டும் இந்தப் பக்கம் வரவில்லை என்பதை மதுவிலக்கு அமலாக்கப் பிரிவினருக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்றுமே ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட். அதாவது, முளைகட்டிய பார்லியை மட்டும் புளிக்கவைத்து, ஒரே வடிசாலையில் செம்புக் கொப்பரையில் வடித்தது. நாம் கேழ்வரகை ஊறவைத்து முளைகட்டிக் காயவைப்பது போலத்தான் அவர்கள் பார்லிக்குச் செய்வதும். காயவைக்கும்போது கீழே எதை எரிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் மரம் குறைவு. அடுப்பெரிக்க பீட் உண்டு. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான வருஷம் மட்கி இறுகினால் அது பீட். நெய்வேலியில் வெட்டுகிற பழுப்பு நிலக்கரிக்கு இளைய தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் நாங்கள் படித்த பிரெஞ்சில் அதற்கு ‘தூர்ப்’ என்று பெயர். அந்தப் புகை தானியத்தில் ஏறி, வடித்த பிறகும் போகாமல், பீப்பாயில் பத்து வருஷம் கிடந்த பிறகும் போகாமல் கிளாஸ் வரைக்கும் வருகிறது.

முதல் பாட்டில் ஐலா தீவின் லஃப்ரோய்க், பத்து வருஷம். மூடியைத் திறந்ததும் அந்தக் காலத்து ஆஸ்பத்திரி வராந்தா. டிஞ்சர் அயோடின், டெட்டால், அதற்குப் பின்னால் கருவாடு சுட்ட அடுப்பு. நான் முகத்தைச் சுளித்ததைப் பார்த்து, “அவசரப்படாதீங்க பெரியப்பா, ரெண்டு சொட்டு தண்ணி விட்டு மறுபடி மோந்து பாருங்க” என்றான் பையன். தண்ணீர் பட்டதும் புகைக்கு அடியிலிருந்து இளந்தேங்காயும் வெண்ணிலாவும் எழுந்து வந்தன. இந்த வாசனை பார்லியுடையது இல்லை, மரத்துடையது. அமெரிக்காக்காரர்கள் தங்கள் போர்பன் விஸ்கியை, உள்பக்கம் கரித்துச் சுட்ட புது ஓக் மரப் பீப்பாயில்தான் வைக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். ஒரு தடவை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. அதை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். லஃப்ரோய்க் அந்தப் பீப்பாயில்தான் படுத்திருந்தது.

இரண்டாவது பாட்டில் அதே தீவின் போமோர், பதினைந்து வருஷம். பன்னிரண்டு வருஷம் போர்பன் பீப்பாயில் இருந்துவிட்டு, கடைசி மூன்று வருஷம் ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி வைன் இருந்த பீப்பாய்க்கு மாறியது. இதிலும் புகை உண்டு. ஆனால் கல்யாண வீட்டில் பெரியவர்களைப் போல ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. முன்னால் வந்து உட்காருவது உலர்ந்த திராட்சையும் பேரீச்சம்பழமும், முடிவில் பழம்புளி போல ஒரு துவர்ப்பு.

மூன்றாவது ஸ்கை தீவின் டாலிஸ்கர் போர்ட் ரீ. போர்ச்சுக்கல் தேசத்துப் போர்ட் வைன் இருந்த பீப்பாயில் கடைசிக் காலத்தைக் கழித்தது. நிறத்திலேயே ஒரு செம்மை. நாவல்பழச் சாயல், மிளகுக் காரம், கடைசியில்தான் புகை.

மூன்றுக்கும் மூலம் முளைகட்டிய பார்லி, மூன்றிலும் பீட் புகை. வடிசாலைக்கு வடிசாலை கைப்பக்குவம் மாறும், வாஸ்தவம். ஆனாலும் மூன்றையும் இவ்வளவு தூரம் பிரித்து நிறுத்தியது முக்கியமாகப் படுத்திருந்த மரமும் படுத்திருந்த காலமும்தான்.

இனிமேல்தான் என் விஷயம். என் நாக்கு மகா கூர்மையானது என்று யாரும் நினைக்க வேண்டாம். பாட்டில் மேல் இருந்த காகிதம் என்னைக் கைப்பிடித்து அழைத்துப் போனது. எந்தத் தீவு, எந்தத் தானியம், எத்தனை வருஷம், எந்தப் பீப்பாய் என்று அது சொல்லியிருந்ததால்தான் நான் தேங்காயை எங்கே தேடுவது, பேரீச்சையை எங்கே தேடுவது என்று தெரிந்துகொண்டேன். ருசி பார்ப்பது என்பது பாதி படிப்பது. படிக்க எதுவுமே கொடுக்காமல் விற்கிற இடத்தில் ருசி எங்கிருந்து வரும்? போதைதான் வரும்.

ஸ்காட்லாந்துக்காரர்களை நான் தலையில் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது பாட்டிலில் எத்தனை வருஷம் என்ற எண்ணே இல்லை. இப்போது நிறைய கம்பெனிகள் வயதை மறைத்துவிட்டு ஏதாவது ஒரு கேலிக் மொழிப் பெயரை வைத்து விலையை ஏற்றுகின்றன. நிறத்துக்காக கேரமல் சேர்க்கவும் அவர்கள் சட்டம் இடம் கொடுக்கிறது. ஜெர்மனியில் விற்கும்போது நிறம் சேர்த்திருக்கிறோம் என்று எழுதியாக வேண்டும், அங்கே சட்டம் விடாது. ஆக, யோக்கியதை என்பது தேசத்தின் ரத்தத்தில் ஓடுவதில்லை. சட்டம் எந்த அளவுக்குக் கட்டாயப்படுத்துகிறதோ அந்த அளவுக்குத்தான் வியாபாரி உண்மை பேசுவான். எங்கேயும் அப்படித்தான்.

அவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்துவது இவை: தானியத்தைத் தவிர வேறு எதிலிருந்தும் வடிக்கக் கூடாது. 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்திலேயே, குறைந்தது மூன்று வருஷம் இருக்க வேண்டும். வாசனைச் சரக்கு எதுவும் கலக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும், எந்த நாட்டு விஸ்கியாக இருந்தாலும் தானியம், மரப் பீப்பாய், மூன்று வருஷம் என்கிறது. இந்த மூன்றும் இல்லாதது அங்கே விஸ்கி ஆகாது.

நம்முடையதைப் பார்ப்போம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காதவர்கள் எங்கள் மாவட்டத்தில் இருக்க முடியாது. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து, உயரமான கோபுரக் கலன்களில் மறுபடி மறுபடி சுத்தப்படுத்தி வடித்தால், மூலப்பொருளின் மணமோ ருசியோ ஏறக்குறைய இல்லாத ஒரு சாராயம் கிடைக்கும். அதில் தண்ணீர், கேரமல், வாசனை எசன்ஸ், கொஞ்சம் மால்ட் சாராயம் சேர்த்தால் விஸ்கி. வேறு எசன்ஸ் சேர்த்தால் பிராந்தி. உலகத்தில் பிராந்தி என்றால் திராட்சையிலிருந்து வருவது. நம் ஊரில் விஸ்கிக்கும் பிராந்திக்கும் தாய் ஒருத்தியாகவே இருக்க முடியும், சட்டை மட்டும் வேறு. இப்போதெல்லாம் குருணை அரிசியிலிருந்தும் மக்காச்சோளத்திலிருந்தும் இந்தச் சாராயம் வடிக்கிறார்கள். நியாயமாகச் சொன்னால் அது ஒருபடி மேல், தானியமாவது ஆயிற்று. ஆனால் என் கையில் இருக்கும் பாட்டில் கரும்பா, அரிசியா? எத்தனை நாள் மரத்தில் இருந்தது, இல்லை மரத்தையே பார்க்கவில்லையா? நான் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்த பாட்டில்களில் இதற்குப் பதில் இல்லை. சிலவற்றில் எறும்பு எழுத்தில், ஆங்கிலத்தில், நியூட்ரல் ஸ்பிரிட் என்று இருந்தது. எதனுடைய ஸ்பிரிட்?

தமிழில் ஒரே ஒரு வாசகம்தான் கொட்டை எழுத்தில் இருக்கிறது. குடி கேடு என்கிற எச்சரிக்கை. பயமுறுத்துவதற்குத் தமிழ், மறைப்பதற்கு ஆங்கிலம். மொழிக்காக இத்தனை போராட்டம் நடத்திய மாநிலத்தில், 2003 முதல் சில்லறைக் கடையையே தன் கையில் வைத்திருக்கும் அரசுக்கு இது உறுத்தவில்லை.

நான் பிரெஞ்சில் படித்தவன் என்பதால் பிரான்ஸ் கதை ஒன்று சொல்கிறேன். 1905 ஆகஸ்ட் 1 அன்று அங்கே ஒரு சட்டம் வந்தது. விற்கிற சரக்கு எது, எங்கே பிறந்தது, எவ்வளவு என்பதில் வாங்குபவனை ஏமாற்றுவது குற்றம் என்றது அது. சட்டம் வந்ததும் ஏமாற்று நின்றுவிடவில்லை. தெற்கே லாங்க்தோக் பகுதியில் திராட்சை விவசாயிகள் விலை போகாமல் செத்துக்கொண்டிருந்தார்கள். விலை வீழ்ச்சிக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விவசாயிகளின் கோபம் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்து வைன் என்று விற்றவர்கள் மேல் திரும்பியது. 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரத்தில் லட்சக்கணக்கில் கூடினார்கள். நார்போன் ஊரில் ராணுவம் சுட்டு உயிர்கள் போயின. அந்த மாதக் கடைசியிலேயே சர்க்கரைக் கலப்பைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். செப்டம்பரில் வந்த அரசாணை, திராட்சையையோ திராட்சைச் சாற்றையோ புளிக்கவைத்தது மட்டுமே வைன் என்று வரையறுத்தது. ஒரு சொல்லுக்காக மனிதர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? அந்தச் சொல்லுக்குள் அவர்கள் நிலமும் கடனும் பிள்ளைகளின் சோறும் இருந்தன.

இனி நம் நாட்டுக் கதை. பீட்டர் ஸ்காட் என்று ஒரு இந்திய விஸ்கி 1968 முதல் விற்கப்படுகிறது. பெயரில் ஸ்காட் என்று வருவது மக்களை ஏமாற்றும் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2008 மே மாதம் அதை மாற்றியது. 1974லேயே தெரிந்தும் 1986 வரை சும்மா இருந்தீர்களே என்பது ஒரு காரணம். அதைப் பற்றி எனக்குச் சண்டை இல்லை, காலக்கெடு தாண்டிய மனுவை நானும் எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியவன். இன்னொரு காரணம்தான் என்னை உலுக்கியது. ஸ்காட்ச் வாங்குகிறவர்கள் படித்தவர்கள், வசதியானவர்கள், அவர்கள் ஏமாற மாட்டார்கள், கிராமத்து ஏழைகளும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாங்கும் பொருளுக்கு வைக்கிற அளவுகோலை இங்கே வைக்க வேண்டியதில்லை என்ற கருத்து.

நல்லது. அந்தக் கருத்தையே நான் பிடித்துக்கொள்கிறேன். பணக்காரன் பாட்டிலுக்குத் தளர்ந்த அளவுகோல் போதும் என்றால், ஏழை பாட்டிலுக்குக் கடுமையான அளவுகோல் வேண்டும் என்றுதானே அர்த்தம்? விக்கிரவாண்டி பக்கம் கரும்பு வெட்டிவிட்டு வந்து குவார்ட்டர் வாங்குகிறவனுக்கு எந்த அளவுகோல் வைத்திருக்கிறோம்? ஒன்றும் இல்லை. நடப்பு தலைகீழாக இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் பாட்டில் தன் ஜாதகத்தையே ஒப்பிக்கிறது. நூற்றுச் சொச்ச ரூபாய் பாட்டில் வாயைத் திறப்பதில்லை.

இதற்குச் சொல்லப்படுகிற பதில்கள் இரண்டு.

முதல் பதில், நம் வெயில். பீப்பாயில் வைத்தால் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் ஆவியாகிப் போகும். பிரெஞ்சுக்காரர்கள் இதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள். ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால், பெங்களூரில் பத்துக்கு மேல் போகிறது. இந்தச் சூட்டில் மூன்று வருஷம் எப்படி வைப்பது என்று கேட்கிறார்கள். கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. சூட்டில் மரம் சீக்கிரம் வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது வருஷக் கணக்கைப் பற்றிய வாதம். கரும்பைத் தானியம் ஆக்கும் வாதம் இல்லை. இதே பெங்களூரில், 1948ல் தொடங்கிய அம்ருத் கம்பெனி தன் சிங்கிள் மால்ட்டை 2004ல் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் விற்பனைக்கு வைத்தது. இந்தியப் பார்லியோடு ஸ்காட்லாந்தில் பீட் புகை ஏற்றிய பார்லியையும் சேர்த்து அவர்கள் செய்த ஃபியூஷன் விஸ்கியை, ஜிம் மர்ரே என்ற விமர்சகர் 2010ஆம் ஆண்டுப் புத்தகத்தில் உலகத்தில் மூன்றாவது என்று வைத்தார். போர்பன், ஷெர்ரி, மறுபடி போர்பன் என்று பீப்பாய் மாற்றி வைப்பதும் அவர்கள் செய்து காட்டியதுதான். கோவாவில் பால் ஜான் இருக்கிறது. வெயில் நம் வெயில்தான், தேவதைகளும் இங்கே பெருந்தீனிக்காரர்கள்தான். ஆனாலும் முடிந்திருக்கிறது. ஆகவே முடியாது என்று சொல்லாதீர்கள், லாபம் குறையும் என்று சொல்லுங்கள்.

இரண்டாவது பதில்தான் அசிங்கமானது. “குடிகாரனுக்கு எதுக்குய்யா லேபிள்? அவனுக்கு ஏறினா போதும்.” இதைப் படித்தவர்கள் சொல்கிறார்கள், வேஷ்டி மடிப்புக் கலையாத பெரியவர்கள் சொல்கிறார்கள். 2023 மே மாதம் திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் எக்கியார்குப்பத்தில் மெத்தனால் குடித்து மீனவர் குடும்பங்கள் கதறியதைப் பார்த்தோம். அடுத்த வருஷம் ஜூனில், 2019 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேல் போய்விட்டார்கள். அது கள்ளச்சாராயம், கடைச் சரக்கு இல்லை, இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. லேபிள் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் கையில் இருப்பது என்ன என்று கேட்காமல் வாங்கி ஊற்றிக்கொள்ளும் பழக்கம் ஒரே நாளில் வருவதில்லை. கேட்கிற உரிமை உனக்கில்லை என்று ஒரு சமூகம் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்தால் வருகிறது.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே கண்டுபிடித்த மல்லாட்டை ரகங்களுக்கு டி.எம்.வி. என்று பெயர், டி.எம்.வி. என்றால் திண்டிவனம். விதை மூட்டையில் சான்று அட்டை தொங்கும். என்ன ரகம், நூற்றுக்கு எத்தனை முளைக்கும், எப்போது சோதித்தது எல்லாம் அதில் எழுதியாக வேண்டும், 1966ஆம் வருஷ விதைச் சட்டம் அப்படி. மண்ணில் போடுகிற மல்லாட்டைக்கு இருக்கிற மரியாதை வயிற்றில் போடுகிறதற்கு வேண்டாமா?

கரும்பில் பிறந்ததை நான் கேவலப்படுத்தவில்லை. கரும்பில் பிறந்த சாராயத்துக்கு உலகம் ஒரு கௌரவமான பெயரை வைத்திருக்கிறது, ரம். பிரான்ஸின் மார்த்தினிக் தீவில் கரும்புச் சாற்றிலிருந்து வடிக்கும் ரம்முக்கு, 1996 முதல் போர்தோ வைனுக்கு உள்ளது போன்ற ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பே இருக்கிறது. அந்த ஊர்க் கரும்பு விவசாயி தன் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்கிறான். நம் கரும்பு விவசாயியோ ஆலை நிலுவைக்கு மனுப்போட்டு அலைகிறான், அவன் கரும்பு மட்டும் ஸ்காட்லாந்து வேஷம் கட்டிக்கொண்டு கடைக்குப் போகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு வாங்கிக் கொண்டாடினோம். வேறு ஊரில் செய்ததை அந்தப் பெயரில் விற்றால் நமக்குக் கோபம் வருகிறது. ஊர்ப்பெயரைத் திருடுவது தப்பு என்றால் பொருளின் பெயரைத் திருடுவது மட்டும் எப்படிச் சரி?

நான் கேட்பது நாலே வரி. ஒவ்வொரு பாட்டிலிலும், தமிழில், எச்சரிக்கை வாசகம் இருக்கும் அதே அளவு எழுத்தில்:

எதிலிருந்து வடித்தது – கரும்புப் பாகா, அரிசியா, சோளமா, பார்லியா.

எங்கே வடித்தது.

எந்த மரத்தில், எவ்வளவு காலம் இருந்தது. இருக்கவில்லை என்றால், இல்லை என்று.

நிறமும் வாசனையும் சேர்த்திருந்தால், சேர்த்திருக்கிறோம் என்று.

இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றமும் வேண்டாம். மொலாசஸ் ஆலையை விட்டு எத்தனை டன் போகிறது, எங்கே போகிறது என்பதற்கெல்லாம் சர்க்காரில் பதிவேடு உண்டு. அந்தப் பதிவேட்டில் உள்ளதைப் பாட்டிலில் ஒட்டுங்கள், போதும்.

பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்கிறது. ஸ்காட்ச் மீதான இறக்குமதி வரி 150 சதவீதத்திலிருந்து 75 ஆகவும், பத்து வருஷத்தில் 40 ஆகவும் இறங்கும் என்பது அதில் ஒரு ஷரத்து. பீட் புகையும் ஷெர்ரி பீப்பாயும் இனி சென்னை கிளப்புகளில் இன்னும் மலிவாகக் கிடைக்கும், அவர்கள் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றி மோந்து பார்க்கலாம். பார்க்கட்டும், எனக்குப் பொறாமை இல்லை. படித்தவனின் பாட்டிலுக்காக இரண்டு அரசாங்கங்கள் வருஷக்கணக்கில் மேஜை போட்டுப் பேசியிருக்கின்றன. விழுப்புரத்துக் கூலிக்காரனின் பாட்டிலுக்காக ஒரு அரசாங்கம், ஒரு அரசாணை, நாலு வரி. இதைக்கூடப் போட முடியாது என்றால் அவனிடம் வசூலிக்கிற வரிக்கு எந்த முகத்தோடு ரசீது கொடுக்கிறோம் என்று யாராவது எனக்கு விளக்குங்கள்.